வால்வுகளின் காலம்: அமெச்சூர் வானொலிக் கருவிகளும் அவற்றைச் செப்பனிடும் கலையும்

முதல் உலகப்போர் முடிந்த காலத்திலிருந்து 1970கள் வரையிலான ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், அமெச்சூர் வானொலி, வால்வு எனவும் வழங்கும் வெற்றிடக் குழல் என்னும் ஒரே கண்டுபிடிப்பை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. அரசின் உரிமம் பெற்று, தமக்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில், வணிக நோக்கம் ஏதுமின்றி, ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் தனிமனிதர்களின் ஈடுபாடே அமெச்சூர் வானொலி எனப்படுகிறது; அதில் ஈடுபடுவோர் ஹாம்கள் என்று அழைக்கப்படுகின்றனர். அவர்கள் பயன்படுத்திய வெற்றிடக் குழல் கருவிகளில் எஞ்சியவை இன்று ஏறத்தாழ ஐம்பது முதல் நூறு ஆண்டு வயதுடையவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவற்றைத் தேடியெடுத்து மீண்டும் இயங்கச்செய்யும் பணி ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. ஒரு பழைய கருவியின் பெட்டி அமைப்பு, உள்ளே இருக்கும் சுருள்கள், வால்வுகளின் வகை, பற்றவைப்பின் தரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சட்டத்துக்கோ, ஒரு போருக்கோ, ஒரு பொருளாதார நெருக்கடிக்கோ அக்கால மனிதர் கண்ட விடையாக இருப்பதால், கருவியின் வரலாற்றை அறியாதவர் அதைச் செப்பனிட முற்படும்போது பழுதோடு சேர்த்து வரலாற்றுச் சான்றையும் நீக்கிவிட நேர்கிறது. ஆகவே இக்கலையைப் புரிந்துகொள்ள அக்கருவிகள் பிறந்த சூழலிலிருந்தே தொடங்க வேண்டும்.

குழலும் சட்டமும்

காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள் சூடேறிய இழையிலிருந்து அருகிலுள்ள உலோகத் தகட்டுக்கு மின்னோட்டம் பாய்வதைத் தாமஸ் எடிசன் 1880களில் கவனித்திருந்தார். அந்த விளைவைப் பயன்படுத்தி, ஆங்கிலேய அறிவியலாளரான ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் 1904இல் இரு மின்முனைகள் கொண்ட டையோடு குழலை உருவாக்கினார். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே செல்லவிடும் அக்கருவிக்கு அவர் இட்ட வால்வு என்ற பெயரே தமிழகத்து ரேடியோ பழுதுபார்ப்போரின் வழக்கிலும் நிலைத்தது. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் இடையில் கிரிட் எனப்படும் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார். கிரிட்டுக்குத் தரப்படும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம், வாய்க்காலின் நீரோட்டத்தை மடைப்பலகை கட்டுப்படுத்துவதுபோல, இழையிலிருந்து தகட்டுக்குப் பாயும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியது. இதனால் நலிந்த அலையைப் பெருக்குவது இயலக்கூடியதாயிற்று. பெருக்கப்பட்ட அலையின் ஒரு பகுதியை மீண்டும் கிரிட்டுக்கே திருப்பிவிட்டால் பெருக்கம் பலமடங்காகும் என்பதையும், அந்த அளவு எல்லை மீறினால் குழல் தானே அலைகளை உண்டாக்கத் தொடங்கும் என்பதையும் 1912 அளவில் எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற மாணவர் கண்டறிந்தார். கேட்பதற்கும் பரப்புவதற்கும் ஒரே குழல் பயன்படும் என்ற நிலை அத்துடன் உருவாயிற்று.

எனினும் அக்காலத்து ஹாம்கள் பெரும்பாலும் தீப்பொறிப் பரப்பிகளையே பயன்படுத்தினர். உயர்மின்னழுத்தத்தில் இரு உலோக முனைகளுக்கிடையே பொறி பறக்கச்செய்து அலைகளை உண்டாக்கும் அக்கருவிகள் பரந்த அலைவரிசையை அடைத்துக்கொண்டதால், அருகிலிருந்த கப்பல் நிலையங்களுக்கும் கடற்படைக்கும் இடையூறு நேர்ந்தது. டைட்டானிக் கப்பல் மூழ்கிய 1912ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்க அரசு வானொலிச் சட்டத்தைக் கொண்டுவந்து, உரிமம் பெறாமல் எவரும் அலை பரப்பக் கூடாது என்றும், அமெச்சூர்கள் 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் கொண்ட பகுதியிலேயே, ஒரு கிலோவாட் ஆற்றலுக்கு மிகாமல் இயங்க வேண்டும் என்றும் வரையறுத்தது. குறுகிய அலைநீளங்கள் தொலைதூரத் தொடர்புக்கு உதவாதவை என்று அன்றைய அறிஞர்கள் கருதியதால், பயனற்றதெனக் கருதப்பட்ட ஒரு நிலப்பரப்பே அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அவர்களை ஒருங்கிணைக்கும் பொருட்டு 1914இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் ஹிராம் பெர்சி மாக்சிம் முதலானோர் அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தை நிறுவினர், அதன் கியூ.எஸ்.டி. இதழ் 1915 டிசம்பரில் தொடங்கியது.

போர்க்காலத்தில் மூடப்பட்ட அமெச்சூர் நிலையங்கள் 1919இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, போருக்காகப் பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்டு மேம்பட்டிருந்த வால்வுகள் அவர்களுக்குக் கிடைக்கத் தொடங்கின. 1921 டிசம்பரில் லீக் தன் உறுப்பினரான பால் காட்லியை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்கு அனுப்பியது. அங்கே ஒரு கூடாரத்தில் அமர்ந்து அவர் கேட்டபோது, ஆம்ஸ்ட்ராங்கும் நண்பர்களும் கனெக்டிகட்டின் கிரீனிச்சில் அமைத்திருந்த 1பிசிஜி என்ற வால்வு நிலையத்தின் முழுச் செய்தியும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்து சேர்ந்தது. 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்த லியோன் டெலாயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல், ஜான் ரைனார்ட்ஸ் ஆகியோரும் ஏறத்தாழ 110 மீட்டர் அலைநீளத்தில் இருவழித் தொடர்பு கொண்டனர். 1924 அக்டோபர் 18 அன்று நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லும் லண்டனின் மில் ஹில் பள்ளி மாணவரான செசில் கோய்டரும் உலகின் இரு முனைகளிலிருந்து உரையாடினர். சிற்றலைகள் வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்வதை இத்தொடர்புகள் நடைமுறையில் மெய்ப்பித்தன. பயனற்றதென ஒதுக்கப்பட்ட பகுதி, வால்வின் துணையால் உலகத் தொடர்பின் பெருவழியாக மாறியது.

இதே அலை தமிழ்நாட்டையும் தொட்டது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயன்று 1924 மே 16 அன்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடத்தியது. பணமுடையால் 1927 அக்டோபரில் அது நின்றபோது, அதன் பரப்பி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டு, 1930இல் மாநகராட்சியின் ஒலிபரப்பு தொடங்குவதற்கு வழிசெய்தது. ஆர்வலர்களின் சங்கமொன்று பொது ஒலிபரப்புக்கு முன்னோடியானது என்ற வகையில், இந்திய வானொலி வரலாற்றிலும் அமெச்சூர் முயற்சிக்கு ஓர் அடிப்படை இடம் உண்டு.

மேசையிலிருந்து தொழிற்சாலைக்கு

1920களின் ஹாம் தன் கருவியைத் தானே செய்துகொண்டார். மரப்பலகையின் மேல் வால்வுகளுக்கான சாக்கெட்டுகளையும் கையால் சுற்றிய செப்புக் கம்பிச்சுருள்களையும் பொருத்தி, இதழ்களில் வெளியான வரைபடங்களைப் பின்பற்றிக் கட்டப்பட்ட அக்கருவிகளில் இரண்டு ஒன்றுபோல் இருந்ததில்லை. 1930களில்தான், ஆம்ஸ்ட்ராங் 1918இல் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரோடைன் முறை அமெச்சூர்களின் ரிசீவர்களில், அதாவது ஏற்பிகளில், பரவலாயிற்று. வரும் அலையோடு, கருவியிலேயே உண்டாக்கப்படும் மற்றோர் அலையைக் கலந்து, இரண்டின் வேறுபாடாகக் கிடைக்கும் ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு எல்லா நிலையங்களையும் மாற்றி, அந்த ஓர் அதிர்வெண்ணிலேயே பெருக்கி வடிகட்டுவது அம்முறையின் சாரம். இடைநிலை அதிர்வெண் பெரும்பாலான கருவிகளில் 455 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதையொட்டி அமைந்தது. பல சுற்றுகளை ஒன்றோடொன்று இசையச்செய்ய வேண்டிய இம்முறை வீட்டு மேசையில் கட்டுவதற்குக் கடினமானது என்பதால், ஆயத்த ஏற்பிகளுக்கான சந்தை உருவாயிற்று.

பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இத்தொழில் வேரூன்றியது குறிப்பிடத்தக்கது. சிகாகோவில் பில் ஹாலிகன் தொடங்கிய ஹாலிகிராஃப்டர்ஸ், நியூயார்க்கின் ஹாம்மர்லுண்ட், மாசசூசெட்ஸின் நேஷனல் கம்பெனி ஆகியவை ஹாம்களுக்கெனவே ஏற்பிகளைச் செய்தன. நேஷனல் நிறுவனம் 1930களின் நடுவில் வெளியிட்ட எச்.ஆர்.ஓ. என்னும் ஏற்பியில், அலைவரிசையை மாற்றுவதற்குச் சுழற்றும் விசைக்குப் பதிலாக, முகப்பிலிருந்து இழுத்துச் செருகும் சுருள் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு பெட்டியும் அந்தந்த ஏற்பியோடு இசைக்கப்பட்டதால், பெட்டிகள் தொலைந்த எச்.ஆர்.ஓ. இன்றும் முழுமையற்றதாகவே கருதப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு நிலையங்கள் பகைநாட்டு மோர்ஸ் செய்திகளைப் பதிவுசெய்ய இதையே பெரிதும் நம்பின.

இக்காலத்து மனிதர்களுள் ஆர்தர் காலின்ஸ் தனித்து நிற்கிறார். அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் வளர்ந்த அவர், 1925இல் தமது பதினைந்தாம் வயதில், கிரீன்லாந்து சென்ற மாக்மில்லன் ஆய்வுக் குழுவின் கப்பலிலிருந்த ரைனார்ட்ஸோடு தாம் கட்டிய கருவியால் தொடர்ந்து தொடர்பு கொண்டு, குழுவின் செய்திகளைத் தந்தி வழியே வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். 1933இல் அவர் நிறுவிய காலின்ஸ் ரேடியோ கம்பெனியின் பரப்பிகள் அட்மிரல் பேர்டின் அண்டார்டிகா பயணத்தில் பயன்பட்டன. ஹாமின் மேசையில் தொடங்கி உலகின் மிக நம்பகமான தொடர்புக் கருவிகள் வரை சென்ற அவருடைய வாழ்வு, அமெச்சூர் ஈடுபாடு ஒரு பொறியியல் பள்ளியாகவும் இருந்ததற்கு முதன்மைச் சான்று.

போரும் போரின் எச்சமும்

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெச்சூர் நிலையங்கள் மீண்டும் மூடப்பட்டன. ஆனால் அமெச்சூர் கருவிகள் போருக்குச் சென்றன. ஹாலிகிராஃப்டர்ஸ் ஹாம்களுக்காகச் செய்திருந்த எச்.டி.-4 என்னும் பரப்பி, பி.சி.-610 என்ற படைத்துறைப் பெயர் பெற்று, வண்டியில் ஏற்றப்பட்ட எஸ்.சி.ஆர்.-299 என்ற நடமாடும் நிலையத்தின் இதயமாக அமைந்து, வட ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணியாற்றியது. 1945 இறுதியில் அமெச்சூர் வானொலி திரும்பத் தொடங்கியபோது, போருக்காகச் செய்து குவிக்கப்பட்ட ஏற்பிகளும் பரப்பிகளும் உதிரிப்பாகங்களும் உபரியாக மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன.

இந்த உபரிப் பொருள்கள் ஒரு தலைமுறை ஹாம்களின் கைத்திறனையே வடிவமைத்தன. வானூர்திகளுக்காகச் செய்யப்பட்ட கருவிகள் 28 வோல்ட் மின்கலத்தால் இயங்கி, டைனமோட்டர் எனப்படும் சிறு சுழற்பொறியால் உயர்மின்னழுத்தம் பெற்றன. வீட்டு மின்சாரத்தில் இயங்க வேண்டுமானால் அவற்றின் மின்வழங்கியை மாற்றி, வால்வுகளின் இழைகளைப் புதிதாக இணைத்து, பல வேளைகளில் முகப்பையே துளையிட வேண்டியிருந்தது. இன்று செப்பனிடுவோர் கையில் கிடைக்கும் படைத்துறை ஏற்பிகளில் பெரும்பாலானவை இத்தகைய மாற்றங்களுக்கு உட்பட்டவை. அவற்றைச் சிதைவு என்று கண்டு முழுமையாகப் பழைய படைத்துறை வடிவுக்குத் திருப்புவோரும் உண்டு. போருக்குப் பிந்திய அமெச்சூர் வாழ்வின் ஆவணம் என்று கருதி அப்படியே பேணுவோரும் உண்டு. இரு நிலைப்பாடுகளுக்கும் நியாயம் இருக்கிறது என்றாலும், நேர்த்தியாகச் செய்யப்பட்ட பழைய மாற்றம் ஒன்றை ஆராயாமல் அழிப்பது வரலாற்றின் ஒரு பக்கத்தைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

தொலைக்காட்சியும் ஒற்றைப் பக்கப்பட்டையும்

1940களின் இறுதியில் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பெருகியபோது ஹாம்கள் எதிர்பாராத சிக்கலைச் சந்தித்தனர். ஒரு பரப்பி தனக்குரிய அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளான அலைகளையும் சிறிதளவு வெளியிடும். திறந்த சட்டகத்தில் கட்டப்பட்ட பழைய பரப்பிகளிலிருந்து கசிந்த அம்மடங்குகள் அண்டைவீட்டுத் திரையில் கோடுகளாகத் தோன்றின. அதற்கு விடையாகவே 1950களின் பரப்பிகள் முழுதும் மூடிய உலோகப் பெட்டிகளில், ஒவ்வொரு கம்பியும் வடிகட்டப்பட்டு வெளிவந்தன, மின்னசோட்டாவின் ஈ.எஃப். ஜான்சன் நிறுவனத்தின் வைக்கிங் ரேஞ்சரும் ஹீத்கிட்டின் டி.எக்ஸ்.-100உம் இவ்வகையைச் சார்ந்தவை. அத்தகைய பெட்டியின் திருகாணிகளில் சிலவற்றைத் தேவையற்றவை என்று விட்டுவிடுவோர், எந்தச் சிக்கலுக்காக அப்பெட்டி அவ்வாறு வடிவமைக்கப்பட்டதோ அதே சிக்கலை மீண்டும் வரவழைக்கின்றனர்.

இரண்டாவது மாற்றம் பேச்சை அனுப்பும் முறையிலேயே நிகழ்ந்தது. வீச்சுப் பண்பேற்றம் எனப்படும் பழைய முறையில், செய்தி ஏதும் சுமக்காத ஊர்தி அலை ஒன்றும், ஒரே செய்தியைச் சுமக்கும் இரு பக்கப்பட்டைகளும் அனுப்பப்பட்டன. ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு எஞ்சிய ஒன்றை மட்டும் அனுப்பினால் ஆற்றல் மிச்சமாவதோடு, அடைக்கும் அலைவரிசையும் பாதியாகக் குறையும். இதற்குக் கூரிய வடிகட்டியும், சற்றும் நகராத அதிர்வெண்ணும் தேவைப்பட்டன. காலின்ஸ் நிறுவனம், சுருளுக்குள் இரும்புத்தூள் உள்ளகத்தை நகர்த்தி நேர்சீராக அதிர்வெண்ணை மாற்றும் அலையியற்றியையும், உலோக வட்டுகளின் அதிர்வால் வேண்டிய பட்டையை மட்டும் கடத்தும் இயந்திர வடிகட்டியையும் உருவாக்கி, இரண்டையும் 1955இன் 75ஏ-4 ஏற்பியில் ஒன்றுசேர்த்தது. 1957இன் கே.டபிள்யூ.எம்.-1, 1959இன் கே.டபிள்யூ.எம்.-2 ஆகியவை பரப்பியையும் ஏற்பியையும் ஒரே சிறு பெட்டியில் அடக்கின. அமெரிக்க வான்படையின் தொலைதாக்குப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவரும் தாமே ஹாமுமான தளபதி கர்ட்டிஸ் லெமே ஒற்றைப் பக்கப்பட்டை முறையை ஆதரித்தது, அது படைத்துறையிலும் விரைவில் ஏற்கப்படத் துணைசெய்தது.

காலின்ஸின் விலை எட்டாதவர்களுக்கு மிச்சிகன் மாநிலம் பென்டன் ஹார்பரில் ஹீத்கிட் கருவிகளைத் தயாரித்த ஹீத் கம்பெனி கைகொடுத்தது. ஹோவர்ட் ஆன்டனியின் உரிமையிலிருந்த அந்நிறுவனம், போர் உபரிப் பாகங்களைக் கொண்டு 1947இல் 50 டாலர் விலையில் ஓர் அலைகாட்டியை வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் தொகுப்பாக விற்று வெற்றி பெற்று, பின்னர் அமெச்சூர் கருவிகளையும் அவ்வாறே வழங்கியது. ஒவ்வொரு கம்பியின் நீளம், அதை இணைக்க வேண்டிய இடம் ஆகியவற்றை வரிசையாகக் கூறி, முடிந்ததும் குறியிடுவதற்குக் கட்டமும் விட்டிருந்த அதன் கையேடுகள், மின்னணுவியல் படிக்காதவரையும் கருவி கட்ட வைத்தன. 1970இல் வெளிவந்த எச்.டபிள்யூ.-101 பல்லாண்டுகள் விற்பனையில் இருந்தது. இக்கருவிகளைச் செப்பனிடுவோர் காலத்தின் தேய்மானத்தோடு, முதலில் கட்டியவரின் கைப்பிழைகளையும், குறிப்பாக ஈயம் சரியாக உருகிப் பற்றாத இணைப்புகளையும், ஒவ்வொன்றாகத் தேட வேண்டியுள்ளது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் 1960களில் ஏற்பிகளுக்குள் புகுந்தது. இறுதிக்கட்டப் பெருக்கத்துக்கு மட்டும் வால்வுகளை வைத்துக்கொண்ட ஜப்பானிய யேசு எஃப்.டி.-101 போன்ற கலப்புக் கருவிகள் 1970களில் பரவின. ஆர்.சி.ஏ. நிறுவனம் நியூஜெர்சியின் ஹாரிசனிலிருந்த தன் வால்வுத் தொழிற்சாலையை 1976இல் மூடியது. ஹீத்கிட்டின் தொகுப்பு விற்பனை 1992இல் முடிவுற்றது. தன் கருவியைத் தானே திறந்து, வரைபடத்தைப் பார்த்து, தவறிய பாகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் பழக்கமும் அவற்றோடு தளர்ந்தது.

காலம் செய்த சேதம்

பழைய கருவியொன்றில் முதலில் கெடுவது வால்வுதான் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் வால்வுகள் பெரும்பாலும் நீடித்து உழைக்கின்றன. கெடுபவை அவற்றைச் சூழ்ந்த எளிய பாகங்களே. மின்னூட்டத்தைச் சேமித்து, நேர்மின்னோட்டத்தைத் தடுத்து மாறுமின்னோட்டத்தை மட்டும் கடத்தும் மின்தேக்கிகள், அதாவது கண்டென்சர்கள், இவற்றுள் முதன்மையானவை. மெழுகில் தோய்த்த காகிதத்தால் ஆன அக்கால மின்தேக்கிகளில் ஈரம் ஏறிக் கசிவு உண்டாகும்போது, முந்திய வால்வின் தகட்டிலுள்ள நேர்மின்னழுத்தம் அடுத்த வால்வின் கிரிட்டைச் சென்றடைகிறது. அதனால் அவ்வால்வு அளவுக்கு மீறிய மின்னோட்டத்தை இழுத்துத் தானும் சூடாகி, ஒலி மின்மாற்றியையும் எரித்துவிடுகிறது. மின்வழங்கியிலுள்ள எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளோ பயன்படுத்தாமல் கிடக்கும்போது தம் உள் ஆக்சைடு படலத்தை இழக்கின்றன. அந்நிலையில் முழு மின்னழுத்தத்தையும் திடீரெனத் தந்தால் அவை வெடிக்கக்கூடும், மின்மாற்றியும் கருகக்கூடும். கார்பன் கலவையாலான மின்தடைகளின் மதிப்பு காலப்போக்கில் உயர்கிறது. ரப்பர் உறையிட்ட கம்பிகள் தொட்டாலே உதிர்கின்றன. காலின்ஸின் பழைய இயந்திர வடிகட்டிகளுக்குள் வைக்கப்பட்டிருந்த மென்பஞ்சு கூழாகி, அதிரும் வட்டுகளில் ஒட்டி, வடிகட்டியைச் செயலிழக்கச்செய்வதும் உண்டு.

ஆகவே முறையறிந்தோர் பழைய கருவியை நேரடியாக மின்சாரத்தில் இணைப்பதில்லை. அவர்கள் முதலில் கருவியின் வரைபடத்தையும் கையேட்டையும் தேடிப்பெற்று, உள்ளே உள்ளவற்றை நிழற்படம் எடுத்து, முன்பு எவரேனும் செய்த மாற்றங்களைக் குறித்துக்கொண்டு, எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளையும் காகித மின்தேக்கிகளையும் மாற்றிய பின்னரே, தொடரிணைப்பில் ஒரு குண்டு பல்பை வைத்தோ, வேரியாக் எனப்படும் மின்னழுத்தம் மாற்றும் மின்மாற்றியின் மூலமோ சிறிது சிறிதாக மின்சாரம் தருகின்றனர். பல்பு விடாமல் ஒளிர்ந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று இருப்பதாகப் பொருள். அமெரிக்கக் கருவிகள் 110 முதல் 117 வோல்ட் மின்சாரத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. இன்று அமெரிக்க வீடுகளிலேயே மின்னழுத்தம் 120 வோல்ட்டை ஒட்டியிருப்பதால் 6.3 வோல்ட் இழைகளும் மிகையாகச் சூடேறுகின்றன. 230 வோல்ட் வழங்கப்படும் இந்தியாவில் தக்க இறக்கு மின்மாற்றி இன்றி அமெரிக்கக் கருவிகளை இணைத்தால் அவை அழிந்துவிடும்.

உயிருக்கு நேரும் ஆபத்தும் இங்கே பெரிது. ஏற்பிகளில் 250 வோல்ட் அளவிலும், பரப்பிகளில் 600 முதல் ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் இருக்கும் நேர்மின்னழுத்தம், கருவியை அணைத்த பின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். ஹாலிகிராஃப்டர்ஸின் எஸ்-38 போன்ற மலிவுக் கருவிகளில் மின்மாற்றியே இல்லாததால், சேசிஸ் எனப்படும் உலோக அடித்தட்டு மின்வழியோடு நேரடித் தொடர்பு பெற்று, தொடுவோரைத் தாக்கக்கூடும். தனிப்படுத்தும் மின்மாற்றியின் வழியே அன்றி அத்தகைய கருவியில் கைவைப்பது அறிவீனம். எண்ணெய் நிரப்பிய பழைய பெரிய மின்தேக்கிகளில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருளும், போர்க்கால அளவுமானிகளின் ஒளிரும் பூச்சில் ரேடியமும் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைத் திறப்பதும் சுரண்டுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

பாகங்கள் மாற்றப்பட்ட பின் வருவது அலைன்மென்ட் எனப்படும் இசைவாக்கம். அறிந்த அதிர்வெண்ணில் அலை தரும் கருவியைக் கொண்டு, இடைநிலை அதிர்வெண் சுற்றுகளையும் முகப்புச் சுற்றுகளையும் வரிசைப்படி திருகி, முகப்பு அளவுகோல் காட்டும் எண்ணும் உண்மை அதிர்வெண்ணும் பொருந்தச்செய்வர். பல்லாண்டுகள் இறுகிய உள்ளகங்களை வலிந்து திருகினால் அவை உடைந்துபோகும் என்பதால், இதில் பொறுமையே முதல் தகுதி. பரப்பியில் இறுதிக்கட்ட வால்வை மாற்றினால் நியூட்ரலைசேஷனையும் சரிபார்க்க வேண்டும்: வால்வின் தகட்டுக்கும் கிரிட்டுக்கும் இடையே இயல்பாக அமைந்த மின்தேக்குத் தன்மையால் அலை திரும்பிப் புகுந்து, கருவி தானே அலையியற்றத் தொடங்குவதை, எதிரான சிறு மின்தேக்கி ஒன்றால் சமன்செய்வதே அதன் பொருள். நெரிசல் மிக்க இன்றைய அலைவரிசைகளில் நகரும் அதிர்வெண்ணோடும் வேண்டாத அலைகளோடும் பழைய பரப்பியை இயக்குவது பிற ஹாம்களுக்குச் செய்யும் தீங்காகும். பழமை அதற்குச் சலுகை ஆகாது.

எதைக் காப்பது

செப்பனிடுவோரிடையே நீங்காத விவாதம், மூலப்பொருளை எவ்வளவு காப்பது என்பதே. பழைய காகித மின்தேக்கியின் உறையை உருக்கித் திறந்து, உள்ளே புதிய பிலிம் மின்தேக்கியை வைத்து மூடி, வெளித்தோற்றம் மாறாமல் பேணுவோர் ஒருபுறம். புதிய பாகம் புதிதாகவே தெரிவதுதான் நேர்மை என்று வாதிடுவோர் மறுபுறம். இயக்கவே கூடாது, அருங்காட்சியகப் பொருளாக வைக்க வேண்டும் என்போர் மற்றொருபுறம். 1952இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கி, ப்ளூம்ஃபீல்டில் அருங்காட்சியகம் நடத்திவரும் ஆன்டிக் வயர்லெஸ் அசோசியேஷன், பேணுதலோடு பயன்பாட்டையும் இணைத்துக் காட்டியுள்ளது: 1929ஆம் ஆண்டையோ அதற்கு முந்திய காலத்தையோ சார்ந்த வடிவமைப்பும் வால்வுகளும் கொண்ட பரப்பிகளால் மட்டுமே பங்கேற்கக்கூடிய மோர்ஸ் நிகழ்வொன்றை அது ஆண்டுதோறும் நடத்துகிறது. அந்நிகழ்வுக்காகக் கருவி கட்டுவோர், நூல்களில் படித்த 1920களின் சிக்கல்களைத் தம் கையால் அறிந்துகொள்கின்றனர்.

இவ்விவாதத்தில் ஒரு கொள்கையை உறுதியாகக் கூறலாம். அலை வழியே பேசுவதற்காகப் பிறந்த கருவி மீண்டும் பேசுவதே அதன் மீட்சி. ஆனால் அதற்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பின்னர் நீக்கக்கூடியதாகவும், எழுத்தில் பதிவுசெய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். நீக்கிய பாகங்களைப் பெயரிட்ட உறையில் இட்டுப் பெட்டியோடு வைப்பது, துளையிடாமல் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்துவது, பழைய உரிமையாளர் பென்சிலால் எழுதிய அலைவரிசைக் குறிப்புகளைத் துடைக்காமல் விடுவது ஆகியவை சிறு செயல்களாகத் தோன்றினாலும், வரும் ஆய்வாளருக்கு அவையே ஆவணங்கள்.

வால்வுக் கருவிகளின் வடிவமைப்பாளர்கள், அவற்றைப் பயன்படுத்துவோர் திறந்துபார்ப்பர், புரிந்துகொள்வர், சரிசெய்வர் என்ற நம்பிக்கையோடு சாக்கெட்டில் செருகும் வால்வுகளையும், கையால் தொட்டுப் பற்றவைக்கக்கூடிய பாகங்களையும், பெட்டியோடு வரைபடத்தையும் தந்தனர். அந்த நம்பிக்கையே ஹாம்களைப் பொறியாளர்களாக்கியது. எனவே குடும்பத்து முதியவர் விட்டுச்சென்ற பழைய வானொலிக் கருவியோ, வால்வுகள் நிறைந்த பெட்டியோ, மங்கிய வரைபடமோ எவரிடமேனும் இருக்குமானால், அவர் அதை ஆர்வத்தில் மின்சாரத்தில் செருகிப் பார்க்காமலும், இடநெருக்கடியால் எடைக்குப் போடாமலும், அருகிலுள்ள ஹாம் சங்கத்திடமோ வால்வுக் கருவிகளில் தேர்ந்த தொழில்நுட்பரிடமோ காட்டி, அதன் வரலாற்றை எழுதிவைத்து, மீண்டும் இயங்க வழிசெய்ய வேண்டும்.